விருந்தினர் அறைக்கு எந்தப் பெயிண்ட், எந்த விரிப்பு?

கூடத்துக்கு நிறம் பார்ப்பது போலவே விருந்தினர் அறைக்கும் பார்த்துவிடலாம் என்றுதான் பலரும் ஷேடு கார்டைக் கையில் எடுக்கிறார்கள். ஆனால் இந்த அறை வேறு மாதிரி. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் ஜன்னலும் கதவும் சாத்தி, இஸ்திரிக்குப் போகவேண்டிய துணியோடும் பழைய சூட்கேஸோடும் கிடக்கும். யாராவது வந்தால்தான் திறப்போம். வந்தவர்களும் பகலில் கூடத்தில்தான் இருப்பார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து, டியூப் லைட் வெளிச்சத்தில்தான் அந்த அறையைச் சரியாகப் பார்ப்பார்கள். படுப்பதும் ஒரே ஆள் இல்லை. இந்த மாதம் சம்பந்தி வீட்டார், அடுத்த மாதம் பெரியம்மா, பள்ளி லீவு விட்டால் நாத்தனார் பிள்ளைகள்.

மூடிக் கிடக்கும் அறை, இரவில் பார்க்கப்படும் அறை, ஆள் மாறி மாறிப் படுக்கும் அறை. சுவர் நிறத்தையும் படுக்கை விரிப்பையும் இந்த மூன்றையும் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து. பார்க்க அழகாக இருக்கிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

துணி முதலில், சுவர் பிறகு

பொதுவாகப் பெயிண்ட் அடித்து முடித்த பிறகுதான் விரிப்பு வாங்கக் கிளம்புவோம். நான் அதைத் திருப்பிப் போடச் சொல்வேன். பெயிண்ட் கடையில் இப்போது டிண்டிங் மெஷின் இருக்கிறது. கார்டில் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறங்களில் எதைக் கேட்டாலும் கலந்து தருவார்கள். விரிப்பு அப்படி இல்லை. சுத்தமான பருத்தி, சரியான அளவு, நல்ல நெசவு, சாயம் போகாத நிறம் எல்லாம் சேர்ந்து அமைவது ஒரு கடைக்கு நாலைந்துதான் தேறும். அரிதாகக் கிடைப்பதை முதலில் வாங்கிவிட்டு, தாராளமாகக் கிடைப்பதை அதற்குப் பொருத்துவது சுலபம்.

அதற்கும் முன்னால் மாற்ற முடியாதவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்: தரையும் அலமாரியும். எங்கள் வீடு திருச்சியில். விருந்தினர் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, மேற்கே ஒரு ஜன்னல், ஐவரி நிற டைல்ஸ், தேக்கு நிறத்தில் அலமாரி. இந்த மூன்றுமே பாதி முடிவைச் சொல்லிவிட்டன. ஐவரித் தரையும் மஞ்சள் சாயலுள்ள மரமும் இருக்கும் அறையில் கிரீம் சுவரும் சேர்ந்தால் எல்லாம் ஒரே பழுப்பாகக் கரைந்துவிடும். அதே கிரீம், கறுப்பு மொசைக் தரை இருக்கும் வீட்டில் மிக நன்றாக இருக்கும். சிவப்புச் சிமெண்ட் தரை உள்ள பழைய வீடு என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தரையில் படும் வெளிச்சம் சிவப்பாகித் திரும்பிச் சுவரில் ஏறும். அங்கே கிரீம் அடித்தால் பகலில் லேசான ரோஜா நிறம் தட்டும். வெள்ளையோ வெளிர் பச்சையோ அதைத் தாங்கிக்கொள்ளும்.

நிறங்கள்

சந்தன நிறம், கிரீம், ஐவரி என்று பல பெயரில் விற்கும் குடும்பம்தான் நம் வீடுகளில் அதிகம். அதற்கு நியாயமான காரணம் உண்டு. அழுக்கு உடனே தெரியாது, எந்த விரிப்பும் ஒத்துப்போகும், பெரியவர்களுக்கு மங்கலகரமாகவும் இருக்கும். இரவில்தான் சிக்கல். நம் வீடுகளில் பெரும்பாலும் மாட்டியிருப்பது அட்டையில் ‘கூல் டேலைட்’ என்று போட்டிருக்கும் 6500 கெல்வின் எல்.இ.டி. டியூப். (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு; எண் கூடக் கூட நீலம் கூடும்.) அந்த நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் விழும்போது பகலில் இதமாக இருந்த சந்தன நிறம் வெளிறிப்போய், சில ஷேடுகளில் பச்சை கலந்த சாம்பலாகவும் தெரியும். அதே சுவர் 3000 கெல்வின் ‘வார்ம் ஒயிட்’ விளக்கில் வெண்ணெய் போல இருக்கும். ஆகவே கிரீம்தான் வேண்டும் என்றால் விளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். பல்பு மாற்றும் செலவு பெயிண்ட் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது, பலனோ நாலு சுவருக்கும் கிடைக்கும்.

வெளிர் பச்சையில் இரண்டு ரகம் உண்டு. பளிச்சென்ற புதினாப் பச்சை ஒன்று, சாம்பல் கலந்த மங்கலான பச்சை ஒன்று. முதல் ரகத்தை டியூப் லைட்டில் பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம்தான் வரும். நோய் விசாரிக்க வந்த இடம் போலாகிவிடும். இரண்டாவது ரகம் மிகவும் ஒத்துழைக்கும் நிறம். தேக்கு மரத்துக்கு அருகே அது தெளிவாக நிற்கும். மேற்கு ஜன்னலில் நாலு மணி வெயில் வந்து விழும்போது கூசாது. வெள்ளை விளக்கு, மஞ்சள் விளக்கு இரண்டிலும் ஆளே மாறியது போல் ஆகாது. எங்கள் அறைக்கு நான் எடுத்தது இதைத்தான்.

வெளிர் நீலம் பகலில் குளிர்ச்சியாகத் தெரியும். மேற்கு வெயில் விழும் அறைக்கு ஆசையாகவும் இருக்கும். ஆனால் இரவு 6500 கெல்வின் விளக்கில் இன்னும் நீலமாகி, ஆள் முகத்தையே வெளிற வைக்கும். சாம்பல் நிறம் இப்போது அபார்ட்மெண்டுகளில் நிறைய அடிக்கிறார்கள். திறந்து வைத்து, வெளிச்சம் நிறைய வரும் அறைக்கு அது சரி. மூடிக் கிடந்து திறக்கும் அறையில் சாம்பல் சோர்வாகத் தெரிகிறது. ஓதம் லேசாக ஏறினாலும் கறை எது, நிறம் எது என்று புரியாமல் போவதால் பிரச்சினையும் தாமதமாகத்தான் கண்ணில் படும். சுத்த வெள்ளை விளக்குக்கு நல்லது, கைக்கறைக்குக் கெட்டது. குழந்தைகள் வந்து தங்கும் வீட்டுக்கு வேண்டாம்.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்கு ஜன்னல் உள்ள அறைக்கு வெயிலே வராது, அதனால் மஞ்சள், பீச் போன்ற நிறங்களை அடியுங்கள் என்று ஐரோப்பிய, அமெரிக்க அலங்காரக் குறிப்புகளில் இருக்கும். நம் ஊருக்கு அது பொருந்தாது. திருச்சி 10.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை இங்கே நண்பகல் சூரியன் தலைக்கு மேலே வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்து நிற்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே எட்டிப் பார்க்கும். அதுவும் சரியாக நம் கோடைக் காலத்தில். வடக்கு அறைக்கும் கண்ணை உறுத்தாத நிறமே நல்லது.

ஒரு சுவருக்கு மட்டும் அடர்ந்த நிறம் அடிக்கும் வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன், ஆனால் படத்துக்காக இல்லை. எந்த வீட்டிலும் கட்டிலின் தலைமாட்டுச் சுவரைப் போய்ப் பாருங்கள். மெத்தையிலிருந்து ஒரு முழ உயரத்தில், இரண்டு தலையணைக்கும் நேராக, இரண்டு மங்கலான வட்டங்கள் இருக்கும். சாய்ந்து உட்கார்ந்து பேசியவர்களின் தலை எண்ணெய். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் அடித்த சுவரில் அதைத் துணியால் துடைத்தால் எண்ணெய் பாதி போகும், துடைத்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும். இதற்குத்தான் அந்த ஒரு சுவருக்கு லேசான பளபளப்புள்ள, கழுவக்கூடிய எமல்ஷன் பெயிண்டை இரண்டு படி அடர்ந்த நிறத்தில் அடிக்கலாம் என்கிறேன். வடக்கே தலைவைத்துப் படுக்க நம் வீடுகளில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். பெரும்பாலும் தெற்கோ கிழக்கோதான் தலைமாடு. எனவே எந்தச் சுவர் என்பது முன்னாலேயே தெரிந்துவிடும், பிறகு கட்டில் இடம் மாறும் என்ற பயம் இல்லை. படுத்திருப்பவர் கண்ணில் படுவது கால்மாட்டுச் சுவரும் மேல் தளமும்தான். அவை இரண்டும் வெளிர் நிறமாக, பளபளப்பு இல்லாமல் இருந்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்காது.

எங்களுக்கு அடித்துக் கொடுத்த பெயிண்டர் அண்ணன் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். “கார்டுல பாக்குறத விட சுவத்துல ஒரு படி கூடத்தான் தெரியும்மா. நாலு சுவரும் ஒண்ணுக்கொண்ணு எதிர அடிக்கும். ஒரு ஷேடு இறக்கி எடுங்க.” அவர் சொன்னது முழுக்க உண்மை. ஒரு சுவரின் நிறம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும்போது இரண்டும் ஆழமாகும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அது இன்னும் கூடுதல். கார்டின் பின்பக்கத்திலோ நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போட்டிருந்தால் பாருங்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதன் அளவு அது. 0 என்றால் கருப்பு, 100 என்றால் முழு வெள்ளை. ஒரே ஜன்னல் உள்ள அறைக்கு மூன்று சுவருக்கும் 60க்குக் கீழே போக வேண்டாம்.

டிஸ்டெம்பரா, எமல்ஷனா, சுண்ணாம்பா

எப்போதாவது திறக்கும் அறைதானே, டிஸ்டெம்பர் போதும் என்று பலர் முடிவு செய்கிறார்கள். விலை பாதிகூட வராது என்பது உண்மை. ஆனால் டிஸ்டெம்பர் அடித்த சுவரில் சாய்ந்தால் துணியில் மாவு ஒட்டும், ஈரத்துணி வைத்தால் நிறமே கரைந்து வரும், ஓதம் வந்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். மூடிக் கிடக்கும் அறைக்கு அதுவே முதல் ஆபத்து. மேலும், சுவரைச் சுரண்டி, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடிக்கும் கூலி எந்தப் பெயிண்டுக்கும் ஒன்றுதான். கூலிதான் பெரிய செலவு. அதைக் கொடுத்துவிட்டு டப்பாவில் மிச்சம் பிடிப்பதில் லாபம் இல்லை.

அளவையும் சொல்லிவிடுகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் ஏறக்குறைய 400. ஓரளவு நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 120 சதுர அடி வரும். ஆக நாலு லிட்டர் டப்பா ஒன்று போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். மேல் தளத்துக்குத் தனியாக ஒரு லிட்டர். தலைமாட்டுச் சுவருக்கு வேறு நிறம் என்றால் அதற்கும் ஒரு லிட்டர். இவ்வளவு சிறிய கணக்கில் நல்ல ரகத்துக்கும் மட்ட ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் நாலு பேர் ஓட்டலில் சாப்பிடும் செலவைத் தாண்டிப் பெரிதாகப் போகாது.

ரசாயன வாடை குறைவான ரகமா என்று கேட்டு வாங்குங்கள். ஜன்னல் திறந்தே இருக்கும் கூடத்தில் பெயிண்ட் வாடை சில நாளில் போய்விடும். இந்த அறையைப் பூட்டி வைத்தால் வாடையும் உள்ளேயே தங்கும், திறந்ததும் தலைவலிக்கும். அடித்து முடித்தபின் ஒரு வாரமாவது ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேன் ஓட விட்ட பிறகே மெத்தையை உள்ளே போட வேண்டும். மெத்தையும் திரைச்சீலையும் வாடையை இழுத்து வைத்துக்கொள்ளும்.

சுண்ணாம்பு, பழைய காரைச் சுவர் வீடுகளுக்கு இன்றும் மிகச் சரியான தேர்வு. கடும் காரத்தன்மை இருப்பதால் அதில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. சுவரிலுள்ள ஈரம் வெளியேறவும் வழி விடும். ஆனால் ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது. அது ஒட்டிக்கொள்ள வெறும் காரைப்பூச்சு வேண்டும். காரைக்குடிப் பக்கத்திலோ தஞ்சாவூர் கிராமத்திலோ பூர்வீக வீட்டில் இருப்பவர்கள் அதை விட்டுவிட்டு எமல்ஷனுக்கு மாற வேண்டிய அவசியமே இல்லை என்பேன்.

எந்த ரகமாக இருந்தாலும் முதலில் ஓதத்தைச் சோதியுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர்முத்து கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அந்தச் சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் கொப்புளம் கட்டும், உப்புப் பூக்கும். குழாய்க் கசிவையோ மாடி ஒழுகலையோ சரிசெய்த பிறகுதான் நிறத்தைப் பற்றிய பேச்சு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தீபாவளிக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று அந்த நேரத்தில்தான் எல்லோரும் பெயிண்டரைத் தேடுகிறார்கள். தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கும் மாதங்களே சுவருக்கு நல்லது.

விரிப்பும் போர்வையும்

ஏசி இல்லாத அறையில், சித்திரை வெயிலில், வந்தவர் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றால் பருத்தி தவிர வேறு யோசனை தேவையில்லை. மைக்ரோஃபைபர் என்று விற்பது பாலியஸ்டர்தான். கடையில் தொட்டால் வழுவழுவென்று இருக்கும், துவைத்த அரைமணியில் காயும், சுருக்கமே விழாது, சாயமும் போகாது. இவ்வளவு நல்ல குணம் இருந்தும் வியர்வையை அது உறிஞ்சாது. முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டு புரண்டு படுக்கும் விருந்தாளி காலையில் “நல்லாத் தூங்கினேன்” என்றுதான் சொல்வார். அவர் மரியாதைக்குச் சொல்வதை நாம் நம்பிவிடக் கூடாது.

பருத்தியிலும் நெசவைப் பாருங்கள். ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று போகும் சாதா நெசவு விரிப்பு காற்று போகும், மொறமொறப்பாக இருக்கும், சுருக்கம் விழும். சாட்டின் நெசவு பளபளக்கும், மென்மையாக இருக்கும், ஆனால் கொஞ்சம் சூடு. கொலுசோ வளையலோ மாட்டினால் நூல் இழுபடும். நம் வெப்பத்துக்குச் சாதா நெசவே. அட்டையில் நூல் எண்ணிக்கை 600, 1000 என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். ஒரு சதுர அங்குலத்தில் உள்ள நெடுக்கு, குறுக்கு நூல்களின் கூட்டுத்தொகை அது. முறுக்கிய நூலின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணி அந்த எண்ணை ஏற்றிக் காட்ட முடியும். நல்ல பருத்தியில் 200 முதல் 300 வரை இருந்தால் நிறைவானது.

கைத்தறிக்கு என் மனதில் தனி இடம் உண்டு. ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை விரிப்பும் போர்வையும் முதல் இரண்டு சலவைக்குக் கொஞ்சம் முரடாக இருக்கும். பிறகு துவைக்கத் துவைக்கப் பதமாகும்; வருடக்கணக்கில் உழைக்கும். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் நிதானமாகப் பிரித்துப் பார்த்து எடுக்கலாம். பண்டிகைக் காலத்தில் தள்ளுபடியும் உண்டு. கரூர் விசைத்தறி விரிப்புகள் விலையிலும் நிற வகையிலும் முந்துகின்றன, நிறம் பொருத்துவதற்கு அவை வசதி. இரண்டு ஜோடி வாங்குவதென்றால் ஒன்று அது, ஒன்று இது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளை விரிப்பா, நிறமா என்ற கேள்விக்கு ஓட்டல்கள் வெள்ளை போடுவதைக் காட்டிப் பலர் பதில் சொல்கிறார்கள். ஓட்டலில் கொதிநீரும் பிளீச்சும் போட்டு வெளுக்க ஆள் இருக்கிறது. வீட்டில் நாம் எதிர்கொள்வது தலை எண்ணெய், குங்குமம், தலைமுடி டை, மருதாணி, மஞ்சள் பூசிக் குளித்த உடம்பு. இதில் மஞ்சள் கறை மட்டும் சுலபம். சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்தும், வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் தானே வெளுத்துப் போகும். எண்ணெய்க் கறை அப்படிப் போகாது. டை போகவே போகாது. அதனால் விரிப்பு கட்டம் போட்டதாகவோ கோடு போட்டதாகவோ இருக்கட்டும். தலையணை உறையை மட்டும் வெந்நீரில் ஊறவைத்து அலசத் தோதாக வெள்ளையில் தனியாக நாலு ஐந்து வாங்கி வையுங்கள். ஒவ்வொருவரும் கிளம்பியதும் விரிப்பைத் துவைக்கிறோமோ இல்லையோ, உறையை மாற்றியே ஆகவேண்டும்.

கடையில் சாயத்தைச் சோதிக்க, கைக்குட்டையின் ஓரத்தை நனைத்து விரிப்பின் மடிப்போரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் திருப்பி வைத்துவிடலாம். ஓரத் தையலையும் பாருங்கள்: மடிப்பு அகலமாக, தையல் நெருக்கமாக இருக்க வேண்டும். விரிப்பு கிழியத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

அளவில் ஏமாறுபவர்கள் அதிகம். 60க்கு 78 அங்குலக் குவீன் மெத்தை, ஆறு அங்குலம் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் 78, இரு பக்கச் சரிவு 12, அடியில் செருக இரு பக்கமும் ஆறாறு, மொத்தம் 102. ‘டபுள்’ என்று விற்கும் 90க்கு 100 விரிப்பு புதிதாக இருக்கும்போதே இழுத்துப் பிடித்தால்தான் வரும். பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கும். பிறகு புரண்டு படுத்தாலே தலைமாட்டில் கழன்று வரும். 90க்கு 108 கேட்டு வாங்குங்கள். எலாஸ்டிக் வைத்த விரிப்பு கழலாது, ஆனால் வேறு மெத்தைக்கு ஆகாது, கூட்டம் வந்தால் தரையில் விரிக்கவும் ஆகாது. விருந்தினர் அறைக்குச் சாதா விரிப்பே உபயோகம்.

ஏசி இருக்கும் அறைக்குப் பஞ்சு அடைத்த கம்ஃபர்ட்டர் வாங்குவதா, போர்வையா? கட்டிலில் விரித்து வைத்தால் கம்ஃபர்ட்டர்தான் பார்க்க நிறைவு. ஆனால் வீட்டு வாஷிங் மெஷினில் பெரும்பாலும் அடங்காது. ஐப்பசி கார்த்திகையில் துவைத்தால் உள்பஞ்சு காயாமல் மக்கு வாடை பிடிக்கும். ஆள் மாறி மாறிப் படுக்கும் அறையில் துவைக்க முடியாத ஒன்றை வைப்பது எனக்குச் சம்மதமில்லை. சென்னிமலைப் போர்வையோ சோலாப்பூர்ப் போர்வையோ ஒருவருக்கு ஒன்று என்று வைத்தால், குளிர்கிறவர் இன்னொன்றை மேலே போட்டுக்கொள்ளலாம். கல்யாணம் காட்சிக்கு ஏழெட்டுப் பேர் வந்து இறங்கும் வீடு என்றால் பவானி ஜமக்காளம் இரண்டு அலமாரியில் இருக்கட்டும். அதற்கு எந்த மெத்தையும் ஈடில்லை.

மூடி வைக்கும் துணிக்கு அந்துருண்டை போடுவதை இந்த அறையில் தவிர்த்துவிடுங்கள். நாப்தலீன் வாடை விரிப்பில் ஏறி முகத்துக்கு நேராக நிற்கும். கைக்குழந்தையோடு வருபவர்கள் உண்டு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கக்கூடியது. நன்றாக வெயிலில் காய்ந்த துணியோடு வசம்பு, காய்ந்த வேப்பிலை வைத்துப் பழைய வேட்டியில் சுற்றி வைத்தால் போதும்.

பெரியவர்கள் கண்ணால் பார்த்தால்

நம் வீட்டுக்கு வந்து தங்குபவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நிறப் பொருத்தம் பற்றிய பேச்சில் இவர்கள் கண் கணக்கிலேயே வருவதில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. புரை வந்தால் இன்னும் மங்குகிறது. வெளிர் நீலம், வெளிர் பச்சை, வெளிர் சாம்பல் மூன்றும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். எங்கள் பெரியம்மா ஓர் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு வந்து சொன்னார்: “ரூமு அழகாத்தான் இருந்துச்சு. ராத்திரி எழுந்தா கட்டில் எங்க முடியுது, தரை எங்க ஆரம்பிக்குதுன்னுதான் தெரியலடி. தடவித் தடவித்தான் இறங்கினேன்.” அந்த அறையில் வெள்ளைச் சுவர், ஐவரித் தரை, பால் நிற விரிப்பு. படம் பிடித்தால் ஓட்டல் மாதிரி இருக்கும்.

கட்டில் ஓரம் தரையிலிருந்து தனியாகத் தெரிய வேண்டும். இதற்காகவே எங்கள் அறைக்கு ஐவரித் தரைக்கு மேல் இண்டிகோ நீலக் கரை வைத்த கட்டம் போட்ட சென்னிமலை விரிப்பு எடுத்தேன். கரை சரியாக மெத்தையின் விளிம்பில் விழுகிறது. நைட் லேம்ப் வெளிச்சத்திலும் கட்டிலின் எல்லை தெரியும். சாம்பல் பச்சைச் சுவரைத் தேர்ந்தெடுத்ததும் இந்த விரிப்பை வைத்துத்தான். தலைமாட்டுச் சுவருக்கு அதே பச்சையில் இரண்டு படி ஆழமானது. வெள்ளை சுவிட்ச் போர்டு அதன்மேல் பளிச்சென்று நிற்கிறது. அறைக்குப் புதிதானவர் இருட்டில் தேட வேண்டியதில்லை. திண்டுபோல உயர்ந்த மெத்தையும் பெரியவர்களுக்குச் சிரமம். கட்டிலும் மெத்தையும் சேர்ந்து உட்கார்ந்தால் பாதம் தரையில் படும் உயரம் போதும். தேங்காய் நார் மெத்தை உறுதியாக இருக்கும், காற்றோட்டமும் உண்டு. இலவம் பஞ்சு மெத்தை இதமானது, ஆனால் மூடிய அறையில் கட்டி தட்டும். அடிக்கடி வெயிலில் போட ஆள் இருந்தால் மட்டும் வாங்கலாம்.

இரவில் ஒருமுறை பாருங்கள்

முடிவெடுக்கும் முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பிடித்த இரண்டு மூன்று நிறத்தில் சின்ன சாம்பிள் டப்பா வாங்குங்கள். சுவரில் நேராக அடிக்காமல், இரண்டடி அட்டையில் இரண்டு கோட்டு அடித்துக் காயவையுங்கள். பழைய சுவர் நிறம் பக்கத்தில் இருந்தால் கண் ஏமாறும், அதனால் அட்டையின் ஓரத்தில் வெள்ளைக் கரை விட்டு அடிப்பது நல்லது. வாங்கிய விரிப்பைக் கட்டிலில் விரித்து, அட்டையை அதன் பின்னால் நிறுத்தி, முதலில் இரவு ஒன்பது மணிக்கு அந்த அறையின் விளக்கில் பாருங்கள். அடுத்து விடியலில், ஜன்னல் திறந்த உடனே. மாலை நாலு மணி வெயில் கடைசி. கூடத்துக்கு இந்த வரிசை தலைகீழ். இங்கே இரவுதான் முதல் மதிப்பெண் போட வேண்டும். இரவில் பிடிக்காத நிறம் பகலில் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தள்ளிவிடுவேன்.

அறை சிறியது, ஜன்னல் கிழக்கே, தரை கறுப்பு மொசைக் என்றால் என் தேர்வு வெளிர் சந்தனச் சுவர், வார்ம் ஒயிட் விளக்கு, சிவப்புக் கோடு போட்ட வெளிர் விரிப்பு. வாடகை வீடு, சுவரில் கைவைக்க முடியாது என்றால் விரிப்பு, விளக்கு இரண்டை மட்டும் மாற்றுங்கள். பாதிக்கு மேல் வித்தியாசம் அதிலேயே வந்துவிடும். சிவப்புச் சிமெண்ட் தரை, காரைச் சுவர் உள்ள பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு வெள்ளையும் நீலக் கட்டம் போட்ட விரிப்பும். பணம் மட்டாக இருந்தால் முதலில் ஓதம், அடுத்து விரிப்பு, அதன்பின் விளக்கு, கடைசியில் பெயிண்ட் என்ற வரிசையில் செலவு செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் மிச்ச எமல்ஷனைக் காற்றுப் புகாத சின்னப் பாட்டிலில் ஊற்றி வைத்து, நிறத்தின் பெயரையும் குறியீட்டு எண்ணையும் அலமாரிக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஆணி அடித்த ஓட்டையை அடைக்கும்போது, சுவர் முழுவதையும் மறுபடி அடிக்காமல் அந்த இடத்தில் மட்டும் டச்சப் செய்துகொள்ளலாம்.